மினுங்கும் பக்கம் மேலே

பதுளையிலிருந்து பசறைப் பாதையில் இறங்கும் தேயிலைத் தோட்டங்களில் பங்குனி வெயில் முதலில் தகரத்தில்தான் கேட்கும். காலை பத்து மணிக்கு மேல் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கூரை டப், டப் என்று வெடிக்கத் தொடங்கும். மதியம் காம்பரா என்கிற அந்த ஒற்றை அறைக்குள் இருப்பது எரிகிற அடுப்பின் முன்னால் இருப்பதைப் போல. மலைக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு அது பெரிதில்லை; அந்த நேரத்தில் அவர்கள் வீட்டில் இல்லை. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு பங்குனியில் என் அக்கா வீட்டில் இருந்தாள். பதுளை ஆஸ்பத்திரியில் சிசேரியன் செய்து எடுத்த பிள்ளையுடன் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். பிள்ளை பிறந்து முப்பது நாள் கழியும்வரை வெளியே வரக்கூடாது. லயத்துக்கு அப்போது மின்சாரம் இல்லை, ஆகவே காற்றாடியும் இல்லை.

பிள்ளையின் கழுத்தெல்லாம் வேர்க்குரு. பகலில் பால் குடிக்காமல் வீறிட்டது. அக்காவின் மாமியார் வெலிமடைப் பக்கத்திலிருந்து சொல்லி அனுப்பினார்: ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், சூடு இப்படியே இருந்தால் தாயையும் பிள்ளையையும் எங்கள் குளிர் ஊருக்குக் கூட்டிப்போய்விடுவேன். அக்காவுக்குத் தையல் ஆறவில்லை. அந்த மலைப்பாதை வளைவுகளில் பஸ்ஸில் குலுங்கிப் போவதை நினைத்தே அழுகிறாள் என்று அம்மா தொலைபேசியில் சொன்னார்.

நான் கொழும்பில் ஒரு பத்திரிகையில் புரூப் பார்த்துக்கொண்டிருந்தேன். அச்சாகி முடிந்த பக்கங்களின் அலுமினியத் தகடுகள் பழைய இரும்புக்குப் போய்விடும். ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் வெறும் மினுக்கம். அச்சகத்து டிரைவர் தன் வீட்டுக் கூரைக்குக் கீழே அவற்றை அடித்திருந்தார்.

"தகரத்துல முட்டாம ஒரு சாண் விட்டு அடி தம்பி. மினுங்குற பக்கம் மேல. சூடு வந்த வழியே திரும்பிப் போயிரும்."

வெள்ளிக்கிழமை தகடுகளைச் சுருட்டிச் சாக்கில் கட்டி ரயிலேறப் போனேன். கோட்டை நிலையத்துச் சோதனையில் பிரிக்கச் சொன்னார்கள். தமிழ் எழுத்து நிறைந்த உலோகம், காலமும் யுத்த காலம். ஒரு சிப்பாய் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வீட்டுக் கூரைக்கு என்று சிங்களத்தில் சொன்னேன். இன்னொருவனைக் கூப்பிட்டுக் காட்டினான். ரயில் ஊதிவிட்டது. போ என்று கையசைத்ததும் சுருட்ட நேரமில்லாமல் சாக்கையும் சேர்த்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினேன். பதுளைவரை கண் மூடவில்லை. யாராவது ஏறினால் கால் தானாகச் சாக்கை இருக்கைக்கு அடியில் தள்ளியது.

சனிக்கிழமை அப்பாவும் நானும் வாங்குப் பலகை மேல் ஏறி அடித்தோம். நான் கவனித்தவை இடைவெளி, ஆணி, மினுங்கும் பக்கம். மறுநாள் கூரை வழக்கம்போல் வெடித்தது. குளிர் என்று எழுத முடியாது; வாசலோர இஸ்தோப்பு நிழலில் நிற்பது மாதிரி இருந்தது. பிள்ளை பால் குடித்துத் தூங்கியது.

மாமியார் மதியம் வந்தார். பிள்ளையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். "ம்... ஆறித்தான் இருக்கு," என்று பாயில் உட்கார்ந்து வெற்றிலையை வாயில் போட்டவர், அண்ணாந்தார்.

"தம்பி, அது என்னா வெளக்குப் படம்?"

நானும் பார்த்தேன். பிள்ளைக்கு நேர் மேலே மரண அறிவித்தல் பக்கம். மூலைகளில் குத்துவிளக்கு, நடுவே வரிசையாக முகங்கள்.

"பேப்பருங்க, அத்த."

"செத்தவங்க படமால்ல இருக்கு! பச்ச ஒடம்புக்காரி தலைக்கு மேல எழவு வீட்டக் கட்டித் தொங்க வுட்டிருக்கியே, நீயெல்லாம் படிச்ச புள்ளையா?"

"எனக்கு எழுத்துத் தெரியாதுங்களே சம்மந்தி," என்றார் அம்மா.

"எழுத்து எதுக்கு, கண்ணு இல்ல? கெளம்பு புள்ள. மூணு மணி பஸ்ஸுக்குப் போயிருவோம்."

அக்கா எழுந்திருக்கவில்லை.

"நான் நேத்தே பாத்துட்டேன், அத்த. மேல மூணாவது ஆளு ஒரு டீச்சரு. பக்கத்துல இருக்க பொம்பளைக்கு ஏழு புள்ளைங்க. எல்லாத்தையும் படிச்சிட்டேன். புள்ள தூங்குச்சு, அதான் வாயத் தொறக்கல."

தகரம் டப்பென்று வெடித்தது.

"கழட்டு அத," என்றார் மாமியார் என்னிடம்.

வாங்கில் ஏறி ஆணிகளைப் பிடுங்கினேன். தகடு விலகியதும் பானை மூடியைத் திறந்த மாதிரி சூடு முகத்தில் அறைந்தது. கீழே பிள்ளை நெளிந்தது, முகம் சிவந்தது, வீறிட்டது. நான் தகட்டோடு நின்றேன்.

"என்னா பாத்துக்கிட்டு நிக்கிற? மாட்டு! திருப்பி மாட்டு, அவங்க மேல பாக்கட்டும்!"

"மினுங்குற பக்கம் கீழ வந்துருமே, அத்த."

"வரட்டுமே! புள்ள கத்துறது காதுல வுழலயா?"

திருப்பி அடித்தேன். அழுகை அடங்கச் சற்று நேரமானது. பாதையில் பஸ் ஊதியபோது மாமியார் பிள்ளைக்கு முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

"முப்பது கழியட்டும்," என்றார், யாரையும் பார்க்காமல்.

எழுத்து நிறைந்த கூரையில் அந்த ஒரு சதுரம் மட்டும் வெறுமையாக மினுங்கியது. மற்றவர்கள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அந்தச் சதுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் மறுபக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அவளுக்கு மனப்பாடம்.