குடம் தூக்காத விருந்தாளி

போக மறுக்கும் விருந்தாளிகளைச் சட்டப்படி வெளியேற்றுவது என் தொழில். ராயபுரத்தில் உறவுகள் இருக்கும்வரை எனக்கு வேலை இருக்கும். வீட்டில் அப்படி ஒருவரை வைத்திருக்கும் வாசகர்களுக்காக ஒரே ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

திருவிழாவுக்கு வந்தவர்

லூர்து மேரி என்னிடம் வந்தபோது அவர் மகள் ஆறு மாதக் கர்ப்பம். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வரவேண்டும். மேரிக்கு அவர் கணவர் விட்டுப்போன வீட்டில் இருப்பது ஒரு கூடம், ஓர் அறை. அறையில் பெரியம்மா மகன் சவரிமுத்து இருந்தார். மாதா கோயில் கொடியேற்றத்துக்கு வந்தவர். அந்தக் கொடியை இறக்கி, மறு வருஷம் மறுபடி ஏற்றியும் விட்டார்கள். அவர் கிளம்பவில்லை.

போலீஸ் 'சிவில் மேட்டர்' என்று அனுப்பிவிட்டது. பூட்டை மாற்றலாமா என்று மேரி கேட்டார். கூடாது, நோட்டீஸ் கொடுத்து வழக்குப் போட வேண்டும் என்றேன். கூடவே, சோறு போடுவதையும் நிறுத்தச் சொன்னேன். போட்டால், தங்குவதற்கும் சம்மதம் என்று வாதாடுவார்கள். மேரி எழுந்துவிட்டார்.

"வூட்ல ஒருத்தர் பசியா குந்திகினு கீறப்ப நா எப்டி சார் துன்றது? நீ கேஸப் போடு. சோத்த நா போட்டுக்கறேன்."

நோட்டீஸுக்குப் பதில்

நோட்டீஸைப் படித்த சவரிமுத்து நேராக என் அலுவலகத்துக்கே வந்தார். முகத்தில் கோபமே இல்லை. கையில் ஒரு டப்பா, அதில் மேரி வறுத்த வஞ்சிரம்.

"எந்தங்கச்சி வூட்டுக்கு ஒரு தபா நீங்களும் வந்து தங்கணும் சார். அந்த ரூம்ல காத்து சும்மா அள்ளிகினு போவும்."

தலைப்பிரசவம்

வாய்தாவுக்கு மேல் வாய்தா. குழந்தை அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. மகள் அத்திப்பட்டில், மாமியார் வீட்டிலிருந்தே பெற்றுக்கொண்டாள். பார்க்கப்போன மேரியிடம் சம்பந்தியம்மாள், "தீர்ப்பு வந்தா சொல்லி அனுப்புங்க, அதுவரைக்கும் எங்க வூட்ல எடம் கீது" என்றிருக்கிறார். இதை என்னிடம் சொன்னபோது மேரி அழவில்லை.

"அடுத்த புள்ளைக்காவது முடிச்சுருவியா சார்?"

சாட்சிக் கூண்டு

எதிர்த்தரப்பு வக்கீல் மேரியிடம், இன்று காலையும் இவருக்குச் சாப்பாடு போட்டீர்களா என்று கேட்டார். "இட்லி. வடகறி" என்றார் மேரி. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்படியென்றால் இவர் விருந்தாளி இல்லை, குடும்பத்தில் ஒருவர் என்றார் வக்கீல்.

என் முறை வந்தது. தெருவுக்குத் தண்ணி லாரி வந்தால் யார் பிடிப்பது என்று சவரிமுத்துவைக் கேட்டேன். தங்கச்சி என்றார். நீங்கள் ஒரு குடமாவது தூக்கியதுண்டா? அவர் மனம் புண்பட்டு நீதிபதியைப் பார்த்தார்.

"நா விருந்தாளி அய்யா. விருந்தாளி எங்கனா கொடம் தூக்குவானா?"

அமீனா வந்த நாள்

அந்தப் பதில் அப்படியே தீர்ப்பில் ஏறியது. உத்தரவை நிறைவேற்ற கோர்ட் அமீனாவோடு போனேன். அறையில் ஆள் இல்லை. தெருமுனையில், தண்ணி லாரிக்குப் பக்கத்தில், இரண்டு குடங்களோடு சவரிமுத்து வரிசையில் நின்றிருந்தார். நானும் இந்த வூட்டு ஆள்தான், பாத்துக்குங்க என்றார். அமீனா அவசரப்படுத்தவில்லை. இரண்டு குடமும் நிரம்பி வீட்டுக்குள் போகும்வரை பொறுத்திருந்தார்.

"தீர்ப்புக்கு அப்பால தூக்கற தண்ணி கணக்குல வராது நைனா. பைய எடு."

இரண்டாவது பிரசவத்துக்கு மகள் அந்த அறைக்கே வந்துவிட்டாள், ஆனால் அன்று பையோடு கிளம்பிய சவரிமுத்துவுக்கு மேரி கட்டிக்கொடுத்த மீன்குழம்புச் சோற்றுக்குத் தடையுத்தரவு வாங்க எந்தச் சட்டத்திலும் எனக்கு வழி தெரியவில்லை.