தாம்பூலப் பைக்குள் என் புத்தகம்

சென்ற ஆவணியில், காஞ்சிபுரத்தில் என் தங்கை மகளின் கல்யாணத்தன்று நடந்தது இது. அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் என் முதல் புத்தகம் வெளிவந்திருந்தது. எழுபதைத் தாண்டிய ஓர் ஆளுக்கு முதல் புத்தகம் வந்தால் அவன் எப்படியெல்லாம் ஆவான் என்பதை என்னைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன்.

கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். எங்கள் ஊர் மனிதர்களைப் பற்றிக் கேட்டதையும் பார்த்ததையும் சின்னச் சின்னக் கட்டுரைகளாக எழுதி, சொந்தச் செலவில் அச்சடித்தேன். அட்டைப் பெட்டிகள் வந்து கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்குப் பக்கத்திலும் இடம் பிடித்த பிறகுதான், எழுதுவதைவிட அதைப் படிக்க வைப்பது பெரிய வேலை என்று புரிந்தது.

காலையில் என்னோடு நடக்க வருகிறவர்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தேன். மறுநாளே "படிச்சீங்களா?" என்று கேட்டேன். சிலர் வேறு தெரு வழியாக நடக்க ஆரம்பித்தார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை வணக்கத்தோடு அட்டைப்படத்தை அனுப்பினேன். பட்டுக்கடை வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவரிடம் போய், கல்லாப் பக்கத்தில் புத்தகத்தை வைக்க முடியுமா என்று கேட்டேன்.

"சார், முகூர்த்தப் பொடவ எடுக்க வர்றவங்க பார்டரப் பார்த்துக்கினே சண்ட போட்டுக்கினு இருப்பாங்க. நடுவுல நான் பொஸ்தகத்த நீட்டினா என்னைத்தான் சாத்துவாங்க. பேசாம கல்யாணத் தாம்பூலப் பையில போட்டுக் குடுத்துடுங்க. அத மட்டும் யாரும் வேணாம்னு சொல்ல முடியாது" என்றார் சிரித்துக்கொண்டே.

அவர் விளையாட்டாகச் சொன்னதை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். அன்று மாலையே தங்கை வீட்டுக்குப் போனேன். "தேங்காயோட பொஸ்தகமா? நல்லாத்தான் இருக்குதுண்ணா, புதுசா இருக்குது" என்றாள். அவள் புத்தகத்தைப் படித்திருக்கவில்லை. அண்ணன் எழுதினால் நன்றாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை அவளுக்கு. கல்யாணப் பெண்ணுக்கு மட்டும் முன்பே ஒரு பிரதி கொடுத்திருந்தேன். அவள் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கல்யாண வேலையில் நேரம் இருந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்ததும் மண்டப வாசலில் தாம்பூல மேசைக்கு நான் வந்துவிட்டேன். அங்கே நின்ற பெண்பிள்ளைகளைச் சாப்பிடப் போகச் சொல்லிவிட்டு நானே பைகளை எடுத்து எடுத்துக் கொடுத்தேன். "உள்ளே ஒரு புத்தகம் இருக்குது, படிச்சுட்டுச் சொல்லுங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். அது என் புத்தகத்தின் வெளியீட்டு விழா போலவே எனக்கு இருந்தது.

அடுத்த பந்திக்காகக் காத்திருந்த என் நண்பர் ஒருவர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், நாற்காலியில் சாய்ந்து புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தில் எழுந்து என் காதருகே வந்தார்.

"சார், இந்த நிச்சயம் நின்னுபோன பொண்ணு கட்டுரை... இதுல வர்ற மஞ்ச ஸ்கூட்டி, வெளிய நிக்குதே, அந்த வண்டியா?"

அவர் கையில் இருந்த புத்தகத்தை வாங்கி மூடினேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கை மகளுக்கு வேறு ஓர் இடத்தில் நிச்சயமாகி, தட்டு மாற்றிய பிறகு, அந்தக் கல்யாணம் நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள் என்று தங்கை அழுதாள். அதைத்தான் நான் எழுதியிருந்தேன். கைவிடப்பட்ட பெண் கதவைச் சாத்திக்கொண்டு நாள்கணக்கில் அழுதது, அவள் முகம் வாடியது என்று படிப்பவர் கண் கலங்கும்படி எழுதியிருந்தேன். பெயரை மாற்றியதோடு என் பொறுப்பு முடிந்தது என்று நினைத்துவிட்டேன். அவள் கண் மருத்துவமனையில் வேலை பார்ப்பது, வீட்டில் ஓடும் தறி, அவளுடைய மஞ்சள் ஸ்கூட்டி எல்லாவற்றையும் அப்படியே விட்டிருந்தேன். அவை இருந்தால்தான் கட்டுரைக்கு உயிர் இருக்கிறது என்று தோன்றியது.

அந்த நிச்சயத்தைச் சொல்லித்தான் அவளுக்கு வந்த எத்தனையோ வரன்கள் தட்டிப்போயின. இந்த மாப்பிள்ளை வீட்டுக்கு அது தெரியுமா என்றுகூட எனக்குத் தெரியாது. அவர்கள் பக்கத்துக் கிராமமான முசரவாக்கத்துக்காரர்கள். மாலைக்குள் என் புத்தகம் முசரவாக்கத்தில் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்துவிடும். தாலி ஏறிய அன்றே அவள் புகுந்த வீட்டில் என் தயவால் கேள்வி எழும்பப் போகிறது.

அடுத்து நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. வெளியே போய்க்கொண்டிருந்தவர்களை நிறுத்தி, அவர்கள் பைக்குள் கையை விட்டுப் புத்தகத்தை எடுக்க ஆரம்பித்தேன். மாப்பிள்ளையின் அத்தை பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"குடுத்த தாம்பூலத்துல கைய வெக்கிறியே பெரியவரே! கல்யாண வீட்டுல செய்யற வேலையா இது?"

"புத்தகத்துல அச்சுப்பிழை இருக்குதும்மா. வேற தர்றேன்."

"தேங்கா அழுகலா இருந்தாக்கூட நாங்க திருப்பிக் குடுக்க மாட்டோம். பிழை இருந்தா இருந்துட்டுப் போவட்டும். நான் என்ன படிக்கவா போறேன்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் கெஞ்சிக்கொண்டிருக்கும்போது பின்னால் இருந்து ஒரு கை என் தோளைப் பிடித்தது. மாப்பிள்ளையின் அப்பா. சிமெண்ட் கடை வைத்திருப்பவர், அதிகம் பேசாதவர். என்னைக் கை கழுவும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"மஞ்ச வண்டி மேட்டர்தானே சார்?"

ஆமென்று தலையாட்டினேன்.

"பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கே அது எங்ககிட்ட சொல்லிடுச்சு. 'எனக்கு ஒரு நிச்சயம் ஆகி நின்னுது, தெரிஞ்சுக்கினு முடிவு பண்ணுங்க'ன்னு நேருக்கு நேரா சொன்ன பொண்ணு சார் அது. அதுக்காகவே எனக்குப் புடிச்சுது. உங்க பொஸ்தகம் வந்தப்பகூட அந்தப் பக்கத்த போட்டோ எடுத்து எம் பையனுக்கு அனுப்பிச்சுது. எங்க மாமா தப்பா எழுதிட்டாருன்னு."

"தப்பாவா? என்ன தப்பு?"

"அத எங்கிட்ட ஏன் கேக்கறீங்க? அதுங்கிட்டயே போய்க் கேளுங்க."

மணமகள் அறையில் அவள் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, தோழிகளோடு இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வெளிய என்னா மாமா கலாட்டா? அவரோட அத்த போடற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது" என்றாள். தோழிகள் எழுந்து போனார்கள். என் முகத்தைப் பார்த்தே விஷயம் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அந்த நிச்சயத்த அவங்க நிறுத்தல மாமா. நான்தான் நிறுத்தினேன்."

நான் கதவைச் சாத்திவிட்டு அவள் அருகே போனேன்.

"நிச்சயம் முடிஞ்சதும் வேலைய விட்டுடுன்னாங்க. வண்டிய வித்துடுன்னாங்க. நானே போன் பண்ணி கல்யாணம் வேணாம்னு சொல்லிட்டேன். பொண்ணு வேணாம்னு சொல்லிச்சுன்னா இன்னும் கெட்ட பேருன்னு அம்மாதான் எல்லார்கிட்டயும் மாத்திச் சொல்லிட்டாங்க. உங்ககிட்டயும்தான்." அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே தொடர்ந்தாள். "கதவ சாத்திக்கினு அழுதுக்கினு இருந்தேன்னு எழுதியிருக்கீங்க. அன்னைக்கு சாயங்காலம் ஃப்ரெண்டை பின்னாடி உட்கார வெச்சுக்கினு போய் பிரியாணி சாப்ட்டேன் மாமா!"

"முன்னாடியே சொல்லக்கூடாதாம்மா?"

"அட்டை எப்படி இருக்குதுன்னு கேட்டீங்க. போட்டோல நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேட்டீங்க. இத நீங்க கேக்கவே இல்லயே." சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "படிச்ச அன்னைக்கு ரொம்பக் கோவம். அழுதேன்கூட. மறைக்க எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா, ஐயோ பாவம்னு ஊரே என்னப் பார்க்கற மாதிரி எழுதிட்டீங்க. சண்ட போடலாம்னுதான் வந்தேன். நீங்க பெட்டியப் பிரிச்சு பொஸ்தகத்தத் தடவிக்கினு உட்கார்ந்திருந்தீங்க. வந்த வழியே திரும்பிட்டேன்."

"தப்புப் பண்ணிட்டேம்மா. மன்னிச்சுடு" என்றேன். மாணவர்களிடம் எத்தனையோ ஆண்டுகள், சோதித்துப் பார்க்காமல் எதையும் எழுதாதே என்று சொன்ன வாய் இது.

"சரி, உட்காருங்க. பந்தி முடியப் போவுது, முதல்ல சாப்புடுங்க."

பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். நான் கெடுத்துவிட்டதாக நினைத்து ஓடிய கல்யாணத்தை அவள் எப்போதோ தன் வாயால் காப்பாற்றி வைத்திருந்தாள். தோழி ஒருத்தி கொண்டுவந்த பாயசத்தை ஒரே மூச்சில் குடித்தேன். அது போன்ற பாயசத்தை நான் இதுவரை குடித்ததில்லை.

மிச்சமிருந்த பைகளில் தேங்காயும் வெற்றிலைபாக்கும் மட்டும் போயின. அத்தையின் பையில் இருந்த புத்தகம் முசரவாக்கத்துக்குப் போய்விட்டது. அது அங்கே ஜன்னல் அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்திருப்பதாக மறுவீட்டுக்கு வந்தபோது மாப்பிள்ளை சொன்னார். எனக்கு அதுவும் நிம்மதியாகவே இருந்தது.

அந்தக் கட்டுரையை அவள் சொல்லச் சொல்லத் திருத்தினேன். "பிரியாணிய விட்டுடாதீங்க மாமா" என்று கண்டிப்பாகச் சொன்னாள். இரண்டாம் பதிப்பில் மாற்றலாம் என்றால், முதல் பதிப்பே பெட்டியில்தான் இருக்கிறது. எனவே கட்டிலடியில் இருக்கும் ஒவ்வொரு பிரதியிலும் பழைய பத்தியை அடித்துவிட்டு, பக்க ஓரத்தில் என் கையாலேயே சரியானதை எழுதி வருகிறேன். கேட்டு வருகிறவர்களுக்கு மட்டுமே இப்போது கொடுக்கிறேன்.

இன்றும் யாரைப் பற்றியாவது எழுத உட்கார்ந்தால் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே அவள் சொன்ன "இத நீங்க கேக்கவே இல்லயே" காதில் விழுகிறது, பேனாவை மூடிவிட்டு அந்த ஆளிடம் பேசுவதற்காக நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன்.