பட்டத்துக்காக வெட்டிய கால்வாய்

என் அண்ணா பரமபதம் அடைந்து ஓர் ஆண்டு நிறைவதை ஒட்டி இச்சிறு நினைவு மலர் உங்கள் கைக்கு வருகிறது. வாங்கியவுடன் உங்களில் பலர் அட்டையைப் புரட்டி, அவர் பெயருக்கு முன்னால் ‘ராவ்சாகிப்’ என்று இருக்கிறதா என்று தேடியிருப்பீர்கள். அச்சகத்தார் நல்லெண்ணத்தில் போட்டுத்தான் இருந்தார்கள். புரூப்பில் நான் அடித்தேன். சர்க்கார் கொடுக்காத பட்டத்தை அச்சில் ஏற்றுவது முறையல்ல. தவிர, அண்ணா அதை யாரிடமும் கேட்டதில்லை. அதைச் சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுத ஒப்புக்கொண்டேன்.

தம்பி வேறென்ன எழுதுவான் என்று நீங்கள் நினைப்பது நியாயம். ஆனால் நான் ஜில்லா கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக, குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைவனாக இருந்து பென்ஷன் வாங்குகிறவன். எந்த மனு மேஜைக்கு வந்தாலும், இதில் இவனுக்கு என்ன லாபம் என்று பார்த்த பிறகே மற்றதைப் படிப்பது என் உத்தியோகம். சொந்த அண்ணா விஷயத்திலும் நான் அதில் குறை வைக்கவில்லை.

சின்னக் காஞ்சிபுரத்தில், பாடசாலையில் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்த குடும்பத்தில் அண்ணா மூத்தவராகப் பிறந்தார். ஊரில் பேதி கண்ட ஒரு கோடையில் தகப்பனார் போய்விட்டார். அண்ணா தம் கல்லூரிப் படிப்பை நிறுத்திக்கொண்டு, ஓவர்சியர் பரீட்சை எழுதி, பாலமும் மதகும் கட்டும் வேலைக்குப் போனார். நான் பி.ஏ. வரை படித்தது அதனால்தான். கடப்பையிலும் சேலத்திலும் அவர் ஜுரத்தோடு கூடாரத்தில் கிடந்த காலங்களை கூடவே இருந்த அவர் மனைவி, எங்கள் மன்னி, சொல்லித்தான் நாங்கள் அறிவோம், அவர் சொன்னதில்லை.

அவருடைய குணங்களைச் சொல்ல வேண்டிய இடம் இது. பொய் பேசமாட்டார். காண்டிராக்டர் வீட்டில் தண்ணீர் கூடக் குடிக்கமாட்டார். கோபம் வந்தால் வெளியே போய் நடந்துவிட்டு வருவார். குறை ஒன்று உண்டு. ஒரு காரியத்தை எப்படிச் செய்வது என்று நாள் முழுதும் விளக்குவார். ஏன் செய்கிறார் என்று கேட்டால் அவருக்குப் பதில் வராது.

பென்ஷன் பெற்று ஊர் திரும்பிய பின் அவர் எடுத்துக்கொண்ட காரியம் உங்களில் பலருக்கு அரைகுறையாகத் தெரியும். தாலுகா முழுவதும் உள்ள ஏரிகள், குளங்கள், அவற்றை இணைக்கும் கால்வாய்கள், கரையோரத் தோப்புகள், மாடு மேயும் மந்தைவெளிகள், கோயில் நந்தவனங்கள், காஞ்சியில் நெசவாளர்கள் பட்டு நூலைப் பாவாக நீட்டி இழுத்துக் கட்டும் பாவடிகள், எல்லாவற்றையும் ஒரே தொடராக எழுதி வைக்க வேண்டும் என்பது அவர் திட்டம். “தனித்தனியா எழுதினா ஒண்ணொண்ணாப் போயிடும்டா. ஒரே கோவையா இருந்தா, ஒண்ணைப் பிடுங்கினா எல்லாருக்கும் வலிக்கும்” என்பார். துணி ஒட்டிய பெரிய தாளில் நீருக்கு நீலமும் மரத்துக்குப் பச்சையுமாக ஒரு படம் வரைந்தார்.

அதில் முதுகெலும்பு போன்றது ஒரு பழைய கால்வாய். பெருமழைக் காலத்தில் தாமல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக வழியும் உபரி நீர், ஒரு காலத்தில் திருப்புட்குழிப் பக்கத்து ஏரிகளை நிரப்பிக்கொண்டு காஞ்சியின் குளங்களுக்கு வந்ததாம். இடையில் அது தூர்ந்து, பல இடங்களில் உழவாகிவிட்டது. நீர் வீணே ஆற்றுக்குப் போயிற்று. நகரத்துக் குளங்களில் சித்திரையில் பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். அண்ணா அந்தத் தடத்தை நடந்தே கண்டுபிடித்து நீலம் தீட்டினார்.

பென்ஷன் வாங்கிய மனிதர் ஒருவர் குடையும் அளவுச் சங்கிலியுமாக வரப்புகளில் திரிந்தால் ஊர் என்ன நினைக்கும்? தீர்வையை உயர்த்த வந்திருக்கிறார் என்று ஒரு கிராமத்தார் அவருக்கு வேண்டுமென்றே தவறான வழியைக் காட்டினார்கள். பாவடியைச் சுற்றிப் புங்க மரம் வைக்கலாம் என்று பிள்ளையார்பாளையத்து நெசவாளர்களிடம் சொன்னபோது, அவர்களில் மூத்தவர் படத்தைத் தொடக்கூட இல்லை. “படத்துல ஏறினா வரியும் ஏறும் சாமி. எங்க பாவடி படத்துக்கு வெளியிலயே இருக்கட்டும்” என்றார். என் பழைய மேலதிகாரி ஒருவர் என்னைத் தனியே அழைத்து, உம் தமையனார் கதர் கட்டுகிறாரா என்று கேட்டார்.

நானும் என் பங்குக்கு விசாரித்தேன். அண்ணாவோ, மன்னியோ, மன்னியின் பிறந்தகத்தாரோ கால்வாய் போகும் வழியில் நிலம் வாங்கியிருக்கிறார்களா என்று பார்த்தேன். இல்லை. அதனால் என் சந்தேகம் தீர்ந்துவிடவில்லை, வலுத்தது. நிலம் வாங்காதவன் அதைவிடப் பெரிதாக எதையோ எதிர்பார்க்கிறான் என்பது கச்சேரியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

சர்க்கார் மூலம் நிலம் எடுத்துக் கால்வாய் வெட்டுவதென்றால் எங்கள் ஆயுள் போதாது. ஊர்கள் தாமே சம்மதித்து வெட்டிக்கொண்டால் உண்டு. மேல் ஊரான தாமல் சம்மதிக்காவிட்டால் கீழ் ஊர்களின் சம்மதத்துக்குப் பொருளே இல்லை. ஆகவே, சந்தேகத்தோடேயே நானும் அண்ணாவுக்குத் துணையாகப் போக, தாமல் ஏரிக்கரையில் ஊரைக் கூட்டினோம். ஊருக்குப் பெரியவர் முனிரத்தினம். அவர் படத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

“இன்னா சாமி இது, பச்சையா?”

“மரம் வைக்கிற இடம்” என்றார் அண்ணா.

“பச்ச போட்டா காட்டு இலாகா. எங்க மாமன் ஊர்ல இப்படித்தான் போட்டாங்க. இப்ப ஆடுகூட உள்ள போவ முடில.”

“இது காடு இல்லை. உங்க தோப்பு. உங்ககிட்டயேதான் இருக்கும்.”

“எங்ககிட்டயே இருக்கறதுக்கு நீங்க ஏன் சாமி படம் போடணும்?”

கூட்டம் சிரித்தது. முனிரத்தினம் சிரிக்கவில்லை.

“சரி, அது கெடக்கட்டும். இதுல உங்களுக்கு இன்னா கெடைக்குது?”

“ஒண்ணும் இல்லை.”

“ஒண்ணும் இல்லாததுக்கா கொடயப் புடிச்சிக்கினு வெயில்ல சுத்திக்கினு கீறீங்க?”

அண்ணா கால்வாயை எப்படி வெட்டுவது என்று விளக்கத் தொடங்கினார். கூட்டம் கலைந்தது. அடுத்த ஆண்டும் போனோம். அதே கேள்வி, அதே பதில், அதே கலைதல். மூன்றாம் முறை முனிரத்தினம் எங்களை எதிர்கொண்டு வந்தார். முகம் தெளிந்திருந்தது.

“கண்டுபுடிச்சிட்டேன் சாமி. மேக்க ஒருத்தரு கொளம் வெட்டி ராவ்சாகிப் பட்டம் வாங்கிக்கினாராம். உங்களுக்கும் அது வோணும். அதானே விசயம்?”

அண்ணா வாயைத் திறந்தார். கூடியிருந்த முகங்களைப் பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு ஏரியைப் பார்த்தார்.

“பாருப்பா, எப்படி வெக்கப்படறாரு!” என்று முனிரத்தினம் கூவினார். “இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? பட்டந்தானே? எங்க ஏரியவா மடிச்சிப் பையில போட்டுக்கினு போவப் போறாரு?”

சம்மதப் பத்திரம் கைமாறத் தொடங்கியது. நான் அண்ணாவின் காதருகே குனிந்து, “இல்லைன்னு சொல்லு அண்ணா. உன் பேர் கெட்டுப்போகும்” என்றேன்.

“சும்மா இருடா. கையெழுத்துப் போட்டுண்டிருக்கா.”

அவர் பொய் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை. என் அனுபவத்தில், மறுக்கப்படாத தகவல் உறுதி செய்யப்பட்டதாகவே கொள்ளப்படும். அப்படித்தான் கொள்ளப்பட்டது. செய்தி கீழ் ஊர்களுக்கு நீரைவிட வேகமாக இறங்கியது. போன ஊரிலெல்லாம் எங்களுக்கு மோர் கிடைத்தது. பிள்ளையார்பாளையத்து மூத்தவரே ஆள் அனுப்பி, “பாவடி நடுவுல வெச்சிடாதீங்க, பாவு இழுக்க முடியாது. ஓரமா வெச்சிக்கோங்க, பட்டம் வாங்கினதும் எங்களையும் நெனச்சிக்கோங்க” என்று சொல்லிவிட்டார்.

சின்னக் காஞ்சிபுரத்தில் மோர் கிடைக்கவில்லை. கோயிலில் பிரபந்தம் சேவிக்கும் கோஷ்டியில் அவருக்குப் பக்கத்தில் பல காலம் நின்ற நண்பர், வெள்ளைக்காரன் கொடுக்கும் பட்டத்துக்கு அலைகிறவர் என்று இரண்டு பேர் தள்ளி நின்றார். உறவுக் கல்யாணங்களில் “ராவ்சாகிப் வரார், நாற்காலி போடு” என்று சிரித்தவர்கள் இந்த மலரைப் படிக்கிறவர்களிலும் இருக்கிறார்கள். மன்னிக்கே சந்தேகம் இருந்தது. ஒருநாள் பரிமாறிக்கொண்டே கேட்டார்: “என்கிட்டயாவது சொல்லலாமோல்லியோ, பட்டம் வேணும்னா வேணும்னு?”

“வேண்டாம்னு சொன்னா நம்புவியா?”

“மாட்டேன்.”

“அப்புறம் எதுக்குச் சொல்லணும்? ரசத்தை விடு.”

பட்டம் எப்படி வருகிறது என்பது எனக்குத் தெரியும். தாசில்தாரின் காதில் போட வேண்டும். கலெக்டர் ரகசியமாகச் சிபாரிசு எழுத வேண்டும். அதற்கு முன்னால் புதுவருஷத்தன்று துரைமார் பங்களாக்களில் எலுமிச்சம்பழத்தோடு காத்து நிற்க வேண்டும். அண்ணா அந்தத் திசைப் பக்கம் போனதே இல்லை. போயிருந்தால் எனக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

தாமல்காரர்களுக்கு இது தெரியாது. புத்தாண்டிலும் சக்கரவர்த்தி பிறந்த நாளிலும் பட்டப் பட்டியல் வெளியாகும்போது, பத்திரிகை படிக்கத் தெரிந்தவரைப் பிடித்துப் படிக்கச் சொல்வார்கள். பெயர் இருக்காது. அந்த ஏமாற்றத்தை அவர்கள் தங்களுடையதாகவே எடுத்துக்கொண்டார்கள். “இந்தத் தடவ கரைய ஒசத்திப் போடுங்கப்பா. தொர கார்ல போவச்சொல்ல கண்ணுல படணும்” என்று முனிரத்தினம் ஆட்களை விரட்டியதை நானே கேட்டேன். கால்வாய் ஆழமானதும், இரு கரையிலும் நாவலும் மருதமும் தழைத்ததும் அப்படித்தான். ஒரு நியாயமான மனுவுக்குக் கிடைத்திராத உழைப்பு, கிடைக்காத ஒரு பட்டத்துக்குக் கிடைத்தது.

கடைசி மாதங்களில் மூச்சிரைப்பு அண்ணாவைப் படுக்கையில் சாய்த்தது. பத்திரிகைக்கு ஒரு மறுப்பு எழுதி அனுப்புகிறேன் என்றேன்.

“தண்ணி நம்ம ஊர்க் குளத்துக்கு வரட்டும். அதுக்கப்புறம் உன் இஷ்டம்” என்றார்.

அவர் காலமான போது கால்வாய் நகர எல்லைக்கு வெளியே நின்றிருந்தது. மிச்சத்தையும் ஊரார் வெட்டி முடிக்க, இந்த ஐப்பசி மழையில் நீர் குளத்துக்கு வந்தது. கலங்கிய, மண் நிறமான நீர். படித்துறையில் நின்ற பெண்கள் யாரும் அதை அண்ணாவோடு சேர்த்துப் பேசவில்லை. நான் மறுநாளே தாமலுக்குப் பஸ் ஏறினேன். திதிக்குச் செய்தி சொல்லவும், அப்படியே உண்மையைச் சொல்லவும்.

முனிரத்தினம் முழுவதையும் கேட்டார். எலுமிச்சம்பழம், சிபாரிசு, ரகசியக் கடிதம் எல்லாவற்றையும் முறைப்படி விளக்கினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஏன் சாமி, கூடப் பொறந்தவரே இப்படிப் பேசலாமா? அண்ணனுக்குப் பட்டம் வர்லன்னு உங்களுக்கு உள்ளுக்குள்ள சந்தோசமா?”

“அவர் கேட்கவே இல்லை என்கிறேன்.”

“அப்ப இன்னாத்துக்குச் செஞ்சாரு? அதச் சொல்லுங்க.”

எனக்குத் தெரியவில்லை. இத்தனை விசாரித்த எனக்கும் தெரியவில்லை. அவர் எழுந்து நின்றார். குரல் தாழ்ந்துவிட்டது.

“பட்டத்துக்கு இல்லன்னா வேற எதுக்கோ. சின்னதுன்னா சொல்லியிருப்பாரு. சொல்லலன்னா பெருசு. எங்களுக்குத் தெரியாம இன்னாவோ நடந்துக்கினு கீது. நான் ஊரக் கூட்டணும் சாமி.”

ஊரைக் கூட்டினால் என்ன ஆகும் என்பதை நீங்கள் அறிய வேண்டும். திட்டத்துக்குச் சர்க்கார் உத்தரவு இன்னும் வரவில்லை. வரவேண்டிய வேகத்தில் வந்துகொண்டிருக்கிறது. அதுவரை ஊராரின் வாய்ச்சொல்தான் உத்தரவு. கால்வாயின் வாய் தாமல் கலங்கலில் இருக்கிறது. பத்து ஆள் மண் சுமந்தால் பொழுது சாய்வதற்குள் அதை அடைத்துவிடலாம்.

அண்ணாவின் பெயரில் ஒட்டிய கறையைத் துடைக்கப் போன நான், அவர் வாழ்நாளில் சொல்லாததை அவருக்காகச் சொன்னேன்.

“சிபாரிசு போயிருந்தது முனிரத்தினம். மேலே யாரோ தடுத்துவிட்டார்கள். குடும்பத்துக்கு அவமானம் என்று மறைக்கப் பார்த்தேன்.”

அவர் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அப்படிச் சொல்லுங்க. எவன் தடுத்தான்? பாவம், இன்னா ஆசையா இருந்தாரு!” அவர் கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன.

இனி நன்றி சொல்ல வேண்டும். கூடாரம் கூடாரமாக அவருடன் அலைந்த மன்னிக்கு, நோயில் இரவு பகல் பாராமல் வந்த வைத்தியருக்கு, மரங்களுக்குக் காவல் வைத்த திருப்புட்குழியாருக்கு, ஓரத்தில் இடம் விட்ட பிள்ளையார்பாளையத்தாருக்கு, கரையை உயர்த்திய தாமல் ஊராருக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. இம்மலரின் பிரதிகள் தாமலுக்கு அனுப்பப்படவில்லை; அது மறதியால் அல்ல. உறவினர்களாகிய நீங்கள் அண்ணாவைப் பற்றிய உண்மையை அறிந்துகொண்டு, அதை வீட்டிலேயே வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். தாமல் பக்கம் மேற்கே போகும் பஸ்ஸில் யாராவது உங்களிடம் விசாரித்தால், பட்டத்துக்காகத்தான் செய்தார் என்று சொல்லுங்கள்.