சீட்டி வராத வாய்

முள்கரண்டிகளின் இடுக்கில் சாம்பலைத் தேய்த்துக்கொண்டிருந்தார் சாலிஹீன். வாயின் இடது ஓரத்தில் எச்சில் வழிந்தது. தோளில் துடைத்துக்கொண்டார்.

“மேஜர் கூப்பிட்டா கால்ல விழுந்துடு. மானம் பாக்காத” என்றான் சமையற்காரன் அப்தூன், புறாவின் வயிற்றில் கோதுமையை அடைத்தபடி.

கெய்ரோவில் அவர்கள் வேலை பார்த்த விளையாட்டு மன்றத்தை ஆங்கிலேயர்கள் தங்களுக்காகக் கட்டினார்கள். அடுக்களைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவே நாற்பதடி நடை. தட்டோடு போகிற, தெற்கே நைல் கரையிலிருந்து வந்த நூபியப் பரிசாரகன் நடை முடியும்வரை சீட்டியடிக்க வேண்டும். சீட்டியடிக்கிற வாயால் தட்டில் இருப்பதை மெல்ல முடியாதல்லவா? ஆங்கிலேயர் போனார்கள், அரசர் படம் போனது, ராணுவ அதிகாரிகள் உறுப்பினர்கள் ஆனார்கள். மாட்டு வறுவல் இருந்த இடத்தில் முலுக்கியா கீரை வந்தது. சீட்டி மட்டும் போகவில்லை.

முப்பத்தொரு வருஷமாகச் சாலிஹீன் அடித்தது ஒரு கல்யாணப் பாட்டு. போன மாதம் முகவாதம் வந்து வாய் கோணியது. மூன்று வாரம் அப்தூன்தான் கதவுக்குப் பின்னால் நின்று அவருக்காகச் சீட்டியடித்தான். நேற்று மன்றச் செயலாளர் மேஜர் ரஃபத் நடைக்குள் நுழைந்துவிட்டார். தட்டு ஒரு பக்கம் போக, பாட்டு இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது.

“ஒண்ணுமில்லன்னா ஊருக்குப் போயிடு” என்றான் அப்தூன்.

“எந்த ஊருக்கு? அணை கட்டி ஊரே தண்ணிக்குள்ள போயிடுச்சே, முங்கியா போறது?”

அப்தூன் சிரித்தான். சாலிஹீனுக்குப் பாதி முகம்தான் சிரித்தது.

பதினோரு மணிக்கு மேஜரே வந்தார்.

“எங்க, இப்ப அடி பாப்போம்.”

சாலிஹீன் கோணிய உதட்டை விரலால் நேராக்கிப் பிடித்து ஊதினார். காற்றும் எச்சிலும்தான் வந்தன. மேஜர் சட்டைக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“ஐயா, முப்பத்தொரு வருஷத்துல ஒரு பருக்கை...”

“நீ தின்னேன்னு நான் சொல்லலையே. உனக்கு விட்டுக்குடுத்தா நாளைக்கு எல்லாருக்கும் வாய் வலிக்கும். நீச்சல் குளத்துல துண்டு மடி, போ.”

“அவருக்கு உடம்புக்கு முடியலைய்யா” என்றான் அப்தூன்.

“நீ வாயை மூடு. உன் சீட்டியத்தான் நேத்தே கேட்டேனே.”

அப்தூன் புறாவைப் பார்த்துக் குனிந்துகொண்டான். குளத்து வேலை வெயில் காலத்துக்கு மட்டும் ஆள் எடுக்கிற வேலை. சாலிஹீன் பரிசாரகனின் இடுப்புக் கச்சையை அவிழ்க்காமலே நின்றார்.

“ஐயா, இன்னும் ரெண்டு வாரத்துல குளத்தை மூடிடுவாங்களே. அப்புறம் நான் என்ன பண்றது?”

மேஜர் அன்றைய உணவுப் பட்டியலை எடுத்து ஒருமுறை படித்தார். மதியச் சாப்பாட்டுக்குத் தனக்கென்று புறாவுக்கு எதிரே பென்சிலால் கோடு போட்டார். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.