மத்தியானம் மாறிய தேதி

விஸ்வநத்தத்தில் நான் போர்மேனாக இருந்த பட்டாசுக் கம்பெனியில் டீ நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் என்னிடம்தான் கேட்பார்கள். மருந்து அறைப் பக்கம் போகிறவர்கள் கைக்கடிகாரத்தைக் கழற்றி, கேட்டில் உள்ள மரப்பெட்டியில் போட வேண்டும். நான் கேட் வரை ஒரு நடை வந்து, பெட்டியில் கிடக்கும் என் பேட்டரிக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மணி சொல்வேன். தினமும் காலையில் ரேடியோவோடு சரிபார்த்த கடிகாரம் அது.

விற்பனை மேனேஜர் என்னைவிடப் பத்து வயது இளையவர். வடக்கே இருந்து வந்த ஏஜென்ட் ஒருவர் அவருக்கு சுவிஸ் ஆட்டோமேட்டிக் கடிகாரம் பரிசளித்தார். பேட்டரி கிடையாது, கை அசைகிற அசைவில் ஓடும். கீறல் விழாத கண்ணாடி. பின்பக்கமும் கண்ணாடிதான், உள்ளே அரைவட்டத் தகடு ஆடுவது தெரியும். விநாடி முள் என்னுடையதைப் போலத் துள்ளாது, வழுக்கிக்கொண்டு போகும். தேதிக் கட்டமும் உண்டு, இரவு பன்னிரண்டுக்குத் தானே மாறும். அவர் ஆபீஸில் இருப்பவர், கழற்றவே வேண்டாம். ஒரே வாரத்தில் பெண்கள் அவரிடம் மணி கேட்க ஆரம்பித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

கார்த்திகையில் மலைக்குப் புறப்படும்போது அதை என்னிடம் தந்தார். "கையில கெடந்தாத்தான் ஓடும் அண்ணாச்சி. நீங்கதான் ஒளுங்காப் பாத்துக்கிடுவீக."

சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு வேண்டுமென்றே அதை பீரோவில் வைத்துப் பூட்டினேன். திங்கள்கிழமை காலை பார்த்தபோது ஓடிக்கொண்டிருந்தது; மாலை திறந்தபோது இரண்டு பத்தில் நின்றிருந்தது. நாற்பத்திரண்டு மணி பத்து நிமிடம் என்று டைரியில் எழுதினேன். சந்தோஷமாக இருந்தது. மறுநாள் காலை முள்ளை எட்டுக்குத் திருப்பி, தேதியையும் மாற்றி, ஊர் திரும்பியிருந்தவரிடம் கொடுத்தேன்.

அன்று மத்தியானம் லோடு ஏற்றும் இடத்திலிருந்து அவர் வந்தார்.

"அண்ணாச்சி, பன்னெண்டு மணிக்கே நாளைத் தேதி வந்துருச்சு. லோடு சீட்டுல அதையே எளுதிட்டேன்."

அப்போதுதான் உறைத்தது. மத்தியானம் இரண்டு பத்தில் நின்ற முள்ளை முன்னே திருப்பியதில், அந்தக் கடிகாரத்துக்குக் காலை எட்டை நான் இரவு எட்டாக வைத்திருக்கிறேன்.

"அண்ணாச்சி டைமே தப்பிப் போச்சா?" என்றாள் பெட்டி ஒட்டுகிற ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

அவர் சிரிக்கவில்லை. "நடுவுல நின்னுருக்கும் போல. கேட்டுல கழத்திப் போடணும்ல, நீங்க என்ன செய்வீக?" என்று சொல்லி, முள்ளைப் பன்னிரண்டு மணி நேரம் சுற்றி, தேதியையும் மாற்றிச் சரிசெய்தார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அந்தப் பெருந்தன்மையும் அவரிடம்தான் இருந்தது. அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.