பூமாலை கை காட்டிய வாசல்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், லாரிப் பட்டறைகளைத் தாண்டி ஓர் ஓட்டு வீடு இருக்கிறது. சிறையிலிருந்து வெளியே வந்து, ஊருக்குப் போக வழியில்லாமல் நிற்கிற ஆண்கள் சில மாதம் தங்கிப் போவதற்காக வக்கீல் சுபலட்சுமியும் அவருடைய கூட்டாளிகளும் நடத்துகிற இடம். வாசலில் நல்ல பெயராக எழுதி ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். ஆனால் ஷேர் ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் திருதிருவென்று முழிப்பார். தெருவுக்கு அது ஜெயில் வூடுதான்.

அந்த வீட்டுக்குப் பொறுப்பு பூமாலை. எலவனாசூர்கோட்டைக்காரர், அறுபதை நெருங்கியவர். அவரும் உள்ளே இருந்து வந்தவர்தான், அதை யாரிடமும் மறைத்ததில்லை. ஆள் சரியான முசுடு. சோறு குழைந்தால் கத்துவார், குழாயைச் சரியாக மூடாவிட்டால் கத்துவார். யாராவது படுக்கையில் குமுறி அழுதால் மட்டும் ஒன்றும் சொல்லாமல் பாயைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் படுத்துக்கொள்வார்.

புதிதாக வருகிறவர்களுக்கு அவர் இரண்டு பாடம் வைத்திருந்தார். முதல் பாடம் கதவு. பல வருஷம் உள்ளே கிடந்தவன் கதவைக் கண்டால் நின்றுவிடுவான். சும்மா சாத்தியிருக்கிற கக்கூஸ் கதவுக்கு முன்னால்கூட, யாராவது வந்து திறப்பார்கள் என்று கைகட்டி நிற்பான். அதைப் பார்த்தால் பூமாலைக்குப் பற்றிக்கொண்டு வரும். "தள்ளுய்யா. இங்க எவனும் வந்து தொறந்துவுட மாட்டான்" என்று பிடரியில் ஒன்று வைப்பார்.

இரண்டாவது பாடம் அதற்கு நேர்மாறு. சொந்த வீட்டுக்குப் போனால், கூப்பிடுகிற வரைக்கும் வெளியிலேயே நில். இதை அவர் அடிபட்டுக் கற்றிருந்தார். விடுதலையான அன்று நேரே பஸ் ஏறி, மத்தியானம் தன் வீட்டுக்குள் விறுவிறுவென்று நுழைந்தார். மனைவி கொளஞ்சியம்மாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் ஜெயிலுக்குப் போனபோது இடுப்புக் குழந்தையாக இருந்த மகள், எவனோ உள்ளே வந்துவிட்டான் என்று அலறினாள். தெருவே திரண்டு வந்து மொத்தியது. ஆள் யாரென்று தெரிந்த பிறகும் அடி நிற்கவில்லை. கொளஞ்சியம்மாள் எச்சில் கையோடு சுவரோரம் நின்றாளே தவிர, போதும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெளியே நின்றிருந்தால் அவளே வா என்று கூப்பிட்டிருப்பாள் என்று பூமாலை நம்பினார். கூப்பிட்டிருப்பாளோ மாட்டாளோ, யார் கண்டது. அந்த நம்பிக்கையும் இல்லாவிட்டால் அந்த மனுஷனுக்கு வேறு பிடிமானம் கிடையாது.

கண்ணுசாமி இந்த வீட்டுக்கு வந்தது போன வருஷம். கல்வராயன் மலைக்காரன். வேலித் தகராறில் பங்காளி ஒருவனைக் கட்டையால் ஓங்கி அடித்தான், அந்த ஆள் எழுந்திருக்கவில்லை. ஆயுள் தண்டனை முடிந்து வந்தபோது தலை முழுக்க நரைத்துவிட்டது. சிறையில் நல்ல பெயர் எடுத்தவன். தண்ணீர் குடிக்கக்கூட உத்தரவு கேட்பான். தும்மல் வந்தாலும் கேட்பானோ என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். முதல் பாடத்தைப் பூமாலை அவனுக்கு எத்தனையோ முறை நடத்தியும் ஏறவே இல்லை.

மலையில் அவன் மனைவி வெள்ளச்சி தனியாகச் சாமை விதைத்துக்கொண்டு, அதே வீட்டில் இருந்தாள். அவளிடம் போய்ச் சேருவது ஒன்றுக்காகத்தான் அவன் உயிரைப் பிடித்து வைத்திருந்தான். பூமாலை மலையேறிப் போய், ஊருக்கு நியாயம் சொல்கிற ஊர்க்கவுண்டரிடம் பேசினார். செத்தவன் வீட்டாரும், வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டார்கள். பிறகு ஜீப் ஓட்டுகிற குமாரிடம் வெள்ளச்சி சொல்லியனுப்பினாள், வரச் சொல்லுங்க என்று. அந்தச் சொல்லைக் கண்ணுசாமி குமாரிடம் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கினான்.

பூமாலையும் கண்ணுசாமியும் வெள்ளிமலை வரைக்கும் பஸ்ஸில் போய், அங்கிருந்து குமாரின் ஜீப்பில் ஊருக்குப் போனார்கள். வழியெல்லாம் பூமாலை இரண்டாவது பாடத்தையே சொல்லிக்கொண்டு வந்தார். கண்ணுசாமி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

மண்சுவர் வைத்த சின்ன வீடு. கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே வெள்ளச்சி அடுப்போரம் நிற்பது வெளியிலிருந்தே தெரிந்தது. சாமைச் சோறு வேகிற வாசனை வந்தது. கண்ணுசாமி செருப்பைக் கழற்றிவிட்டு நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்றான். அவள் பார்த்தாள். அவனும் பார்த்தான். ஊர்க்கவுண்டரும் பெண்களும் வந்து சுற்றி நின்றார்கள். சோறு பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் அதை இறக்கி வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"வூட்டுக்காரன் வூட்டுக்குள்ள வரதுக்கு நான் இன்னா, வெத்தலபாக்கு வெச்சி அழைக்கணுமா?"

குரல் நடுங்கியது. கண்ணுசாமி திரும்பிப் பூமாலையைப் பார்த்தான். பூமாலையின் காதில் விழுந்தது கோபம் மட்டும்தான். உள்ளே போனால் அடிதான் என்று அவர் உடம்பு சொன்னது. கோபம் தணியட்டும், நில் என்று கையை உயர்த்திக் காட்டினார். அவன் நின்றான்.

வெள்ளச்சி இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கழுத்திலிருந்த தாலிக் கயிற்றைக் கழற்றி நிலைப்படியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அவள் அழுகிற சத்தம் கேட்டது. ஊர்க்கவுண்டர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பக்கத்து வீட்டுத் தைலம்மாள்தான் பூமாலைக்கு விளங்கவைத்தாள். அந்த ஊரில் பொண்டாட்டி ஆள்விட்டுச் சொல்லியனுப்புவாளே தவிர, வாசலில் வைத்துப் புருஷனை வா என்று அழைக்க மாட்டாள், அவன்தான் உரிமையோடு உள்ளே போக வேண்டும். தன் வீட்டு நிலைப்படியைத் தாண்டாமல் ஊர் பார்க்க நிற்கிறவன், உறவை அறுத்துக்கொள்ள வந்தவன். பூமாலை ஓடிப்போய் ஊர்க்கவுண்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, தப்பு தன்னுடையது, அவன்மேல் குற்றமில்லை என்று கெஞ்சினார். சாத்திய கதவுக்கு முன்னால் நின்றும் கத்திச் சொன்னார். ஊர் பார்க்க நிலைப்படியில் வைத்த கயிறு, அதை அவளே நினைத்தாலும் திரும்ப எடுக்க முடியாது என்றார் கவுண்டர். அவருக்கும் அதில் சந்தோஷமில்லை.

ஜீப் மலையிறங்கும்போது கண்ணுசாமி முன்னால் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். பூமாலை கேட்டார், ஊர் வழக்கம் மறந்துபோச்சா என்று.

"மறக்கலண்ணா. தெரியும்."

"தெரிஞ்சிக்கினே ஏன்யா நின்ன?"

"நீங்க கை காட்டுனீங்களேண்ணா" என்றான் அவன். குறையாகச் சொல்லவில்லை. அதுதான் பூமாலைக்குத் தாங்கவில்லை.

பொழுது சாய்கிற நேரத்துக்குக் கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தார்கள். ஜெயில் வூட்டுக் கதவு தாழில்லாமல் சும்மா சாத்தியிருந்தது. கண்ணுசாமி அதன் முன்னால் போய் நின்றுகொண்டான். தள்ளுய்யா என்று திட்டப் பூமாலைக்கு வாய் வரவில்லை. அவரே கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். அப்போதும் அவன் அசையவில்லை. போ என்று அவர் சொன்ன பிறகுதான் உள்ளே போனான்.