யோபின் சிநேகிதன் சொன்னது

எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் புத்தூர் வைத்தியசாலையில் எங்களுக்கு முன்னால் ஒரு அம்மா காத்திருந்தார். வலது கையைத் துணியால் கழுத்தோடு கட்டியிருந்தார். மடியில் தெலுங்கு பைபிள். எந்த வசனத்தை எடுத்தாலும், அதை யார் யாரிடம் சொன்னது என்று முந்தைய பக்கங்களில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் படித்தார்.

படியில் விழுந்து கால் உடைந்திருந்த என் மகள் விசும்பிக்கொண்டே இருந்தாள். பிள்ளைகள் பாவம் செய்தால் கடவுள் தண்டிப்பார் என்று பைபிளில் யோபு புத்தகத்திலேயே இருக்கிறதாம். காலையில் என் அண்ணி அவளுக்குப் படித்துக் காட்டியிருந்தார். அதை அந்த அம்மாவிடம் சொன்னேன்.

“அத சொன்னது தேவுடு இல்லண்ணா, யோபோட சிநேகிதன். பிள்ளைங்கள பறிகொடுத்துட்டு உக்காந்துக்கினு இருந்தவர்கிட்ட போய் அப்படிப் பேசினான்.” யோபு புத்தகத்தின் கடைசி அதிகாரத்தைப் புரட்டினார். “இங்க பாருங்க, நீங்க பேசினது சரியில்லன்னு அந்த சிநேகிதங்க மேலதான் தேவுடு கோவிச்சுக்கிறாரு.”

மகள் நிமிர்ந்தாள். “அப்போ படி வழுக்கித்தான் விழுந்தேனா நைனா?”

“ஆமாம்மா.”

உள்ளே கூப்பிட்டதும் அந்த அம்மா எழுந்தார். “நான் சர்ச் படியிலயே வழுக்கி விழுந்தவ பாப்பா,” என்று துணியால் கட்டிய கையைக் காட்டினார்.

மகள் சிரித்துவிட்டாள். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. அந்த அம்மாவின் பெயரைக் கேட்கத் தோன்றவே இல்லை.